அக்கரைக்கு இருபத்தெட்டு நிமிடம்

கடைசி லாரியின் சக்கரத்துக்குக்
கட்டை கொடுத்துவிட்டால்
அக்கரை வரை எனக்கு வேலையில்லை.
சக்காவோ நீரிணை, இருபத்தெட்டு நிமிடம்.
நீரோட்டம் எதிர்த்தால் முப்பத்தைந்து.

ரொசாமெல் வானொலி கேட்பான்.
நெல்டா கம்பளிக் காலுறை பின்னுவாள்,
குதிகால் வந்ததும் பிரித்துவிட்டு
முதலிலிருந்து தொடங்குவாள்.
நான் மழைக்கோட்டின் உள்பையிலிருந்து
ஒரு சிறுகதையை எடுப்பேன்.

புத்தகத்தை அல்ல, சிறுகதையை.
மொத்தமாய்த் தூக்கினால் கோட்டு ஒருபக்கம் இழுக்கிறதென்று
முதுகை வகிர்ந்து
கதை கதையாகப் பிரித்துவைத்திருக்கிறேன்.
முகம் சுளிக்காதீர்கள்.
அன்கூத் சந்தையில்
இரண்டு கிலோ உருளைக்கிழங்கு விலைக்கு வாங்கிய
என் சொந்தப் புத்தகம்.

நாவலும் படித்துப் பார்த்தவள்தான்.
ஒரு குளிர்காலம் முழுக்க
ஒரே குடும்பத்தோடு குடியிருந்தேன்.
அத்தைமார் பெயரெல்லாம் மனப்பாடம்.
விருந்தாளியாய்ப் போய்
வேலைக்காரியாய்த் திரும்பினேன்.

சிறுகதையில் நம்மை யாரும் உட்காரச் சொல்வதில்லை.
நுழையும்போதே
பாதிச் சண்டையில் இருக்கிறார்கள்.
அடுப்பில் என்னவோ தீய்கிறது.
ஒருத்தி எழுந்து ஜன்னலைத் திறக்கிறாள்.
அவ்வளவுதான்,
சரிவுப்பலகை இறங்கும் சத்தம்.

எனக்கு ஒரு விதி உண்டு.
போகும்போது ஒன்று.
வரும்போது ஒன்றுமில்லை.
வரும்போது தண்ணீரைப் பார்ப்பேன்.
கடற்சிங்கம் ஒன்று தலைதூக்கும்,
அதுவும் இப்போதுதான் படித்துமுடித்ததுபோல்
ஒரு முகத்தோடு.

கிழமைகள் போய்விட்டன என்னிடமிருந்து.
சம்பளம் வந்தது
தேனீப்பெட்டிகளை விற்றவனின் நாளில்.
மகன் புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து பேசியது
தங்கையின் கல்யாணத்துக்கு அக்கா
தப்பான ஊருக்குப் போய் இறங்கிய அன்று.
கட்டணம் வாங்கும்போது
ஓட்டுநர்களின் கையைப் பார்க்கிறேன்,
தேனீ கொட்டிய தடம் உண்டா என்று.
மீதிச் சில்லறையை மாற்றிக் கொடுத்து
இருமுறை ஏச்சும் வாங்கியாயிற்று.

ஜூலையில் ஒருநாள் மூடுபனி.
நடுநீரில் எஞ்சினைத் தணித்து நின்றுவிட்டோம்.
ஒரு மணி நேரம். பிறகு இன்னொன்று.
சங்கு ஊதினால் பதில் இல்லை.
கையில் ஒரே கதை, ஒன்பது பக்கம்:
பக்கத்து ஊர்த் தச்சனுக்கு
ஒளித்து ஒளித்துக் கடிதம் எழுதுகிறாள் ஒருத்தி.
வீட்டுக்கணக்கு எழுதுகிறாள் என்று
தினமும் பென்சில் சீவிக் கொடுக்கிறான் கணவன்.

முதல்முறை அவளுக்காகப் பயந்தேன்.
இரண்டாம்முறை அவள்மேல் எரிச்சல் வந்தது.
மூன்றாம்முறை, நான்காம் பக்கத்தில்,
சீவிய தூளை அவன்
ஒரு டப்பியில் சேர்த்துவைப்பதாக ஒரு வரி.
முன்பும் அங்கேதான் இருந்திருக்கும்.
அவனுக்குத் தெரியும்.
ஆரம்பத்திலிருந்தே தெரியும்!

எழுந்துபோய் நெல்டாவிடம் சொன்னேன்.
"பிறகு ஏன் சீவிக் கொடுத்தான்?"
ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.
ரொசாமெல் வானொலியை அணைத்தான்:
"எழுத முடியாவிட்டால் அவள் நேரிலேயே போய்விடுவாளே."
மீன்லாரிக்காரன் கண்ணாடியை இறக்கி
"நீங்களெல்லாம் குடும்பம் நடத்தியதே இல்லையா" என்றான்.
அதற்குமேல் அவன் விளக்கவில்லை.

கோழிக்கூண்டோடு வந்த செனோரா மான்சீயா
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"அந்தத் தூளை என்ன செய்தான்?"
கதையில் அது இல்லை என்றேன்.
நம்பவில்லை.
தாள்களைப் பிடுங்கி
கை எட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்து
கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

பின்புறத்தில் அடுத்த கதை தொடங்கியிருந்தது.
உரக்கப் படித்தாள்:
'அன்று காலை நீதிபதியின் செருப்பில்
ஒன்று மட்டும் வாசலில் இருந்தது.'
தாள் முடிந்தது.
"மீதி எங்கே?"
"வீட்டில்."

பனி கிழிந்து கரை தெரிந்தது.
ஆளுக்காள் வண்டியை முடுக்கினார்கள்.
கோழிக்கூண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்,
"நாளைக்கும் இந்தப் படகில்தானே நீ?"

நாளைக்கு எனக்கு விடுப்பு.
ஆமாம் என்றேன்.